ரசீதின் பின்பக்கம்

குன்னூர் பெட்ஃபோர்டில் இறங்கும்போது
பையில் ஆயிரத்து நானூறு.
தீபாவளி போனஸில் மிஞ்சியது.
தையல் மெஷின் ரிப்பேருக்கென்று
வீட்டில் சொல்லி வைத்திருந்த பணம்.

"பிள்ளைக்கா?" என்றார் அமீன் பாய்.
"எனக்கு."
மேல்தட்டுக்கு நீட்டிய கையைக்
கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.
பிறகு குனிந்து கீழ்த்தட்டைத் திறந்தார்.

இருபத்து நான்கு வில்லைகள், தகரப் பெட்டியில்.
மூடியைத் தூக்கியதும் மிட்டாய்க் கடை.
பச்சை மட்டும் ஐந்து.

பதினெட்டு வருடமாய் இலை நிறுக்கிறவள் நான்,
கொலக்கம்பைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில்.
கொழுந்துப் பச்சை தெரியும், முற்றல் பச்சை தெரியும்,
மார்கழிப் பனி கருக்கிய பச்சை,
சாக்கில் ஒரு மணி நேரம் கூடக் கிடந்து
உள்ளுக்குள் சூடேறிய பச்சை.
அந்த ஐந்தில் ஒன்றுகூட
என் தராசில் ஏறியதில்லை.

"பச்சையே வேண்டாம். நீலமும் மஞ்சளும் போதும்."
"எந்த நீலம், எந்த மஞ்சள்?"
அதற்கே அரை மணி நேரம் ஆனது.

ஊதாப் பக்கம் லேசாய்ச் சாய்ந்த நீலம்.
எலுமிச்சையின் கூச்சல் இல்லாத மஞ்சள்.
மூன்றாவதாய் ஒரு செம்மண்.
"சிவப்பு இல்லாமலா?" என்றார்.
"இங்கே ரயிலே நீலம்தானே பாய்."
டியூப் ஒன்று நூற்றுப்பத்து.
வெள்ளை ஒன்றையும் அவராகவே பக்கத்தில் வைத்தார்.
எல்லாரும் முதலில் கேட்பதாம் அது.

தாளையும் எடை சொல்லி விற்கிறார்கள் என்று
அன்றுதான் தெரிந்தது எனக்கு.
நூற்றெண்பது கிராம் தாளை விரலில் சுண்டினேன்,
வாடல் இலை.
முன்னூறு கிராம், பருத்தி, பன்னிரண்டு தாள், அறுநூற்றைம்பது.
கட்டை விரலை ஓட்டினேன்.
அழுத்தினால் தாங்கும், நனைத்தாலும் தாங்கும்.
பன்னிரண்டு தப்பு செய்யலாம்.

அப்புறம் தூரிகை.
ஆறு சேர்ந்த கட்டு நூற்றைம்பது,
எட்டாம் நம்பர் ஒற்றை முந்நூற்றுத் தொண்ணூறு.
"நனைக்காமல் எப்படிப் பார்ப்பது?" என்றேன்.
"நனைக்கத் தண்ணிக்கு எங்கே போக?
குழாய் வந்து ஒன்பது நாள் ஆச்சு."
ஜெபமணி என்று என் பேர் எழுதி
ரசீது போட்டு முடித்திருந்தார், வெள்ளையும் சேர்த்து.
யோசித்துவிட்டு
தன் கட்டஞ்சாயாவை என் பக்கம் நகர்த்தினார்.

டஸ்ட் டீ. நிறத்திலேயே சொல்வேன்,
ஒருவேளை எங்கள் மூட்டையே.

முக்கினேன், உதறினேன்.
கலைந்திருந்த மயிரெல்லாம் ஒரு முனையானது.
ரசீதைத் திருப்பி ஒரே இழுப்பு:
அடிவயிறு அழுந்திய இடத்தில் அகலம்,
தூக்கத் தூக்க மெலிந்து
காகித ஓரத்தில் காணாமல் போனது.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
"பக்காசுரன் மலை" என்றார் பாய்.
நான் அதை நினைத்து இழுக்கவில்லை.
ஆனால் அதுதான்.

காயட்டும் என்று நின்றோம்.
வாசல் வழியாய் மேகம் உள்ளே வந்து
நோட்டுப் புத்தக அடுக்குவரை நடந்து பார்த்துவிட்டுப் போனது.
காயவில்லை.
"ஐப்பசியில் சட்டையே நாலு நாளம்மா" என்றார்.

கூட்டிப் பார்த்தேன், எண்பது ரூபாய் இடித்தது.
வெள்ளையைத் திருப்பிக் கொடுத்தேன்.
வேறு ரசீது எழுதினார்.
ஈர ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
முன்பக்கம் வாங்காத வெள்ளையின் விலை இருக்கிறது.

கொலக்கம்பை பஸ்ஸில் கண்ணாடி இல்லாத ஜன்னல்.
தாள் கட்டை ஸ்வெட்டருக்குள் செருகினேன்.
"என்னக்கா, காலண்டரா?" என்றான் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.
மிச்சமிருந்த முப்பதில் டிக்கெட் எடுத்தேன்.

மடியிலிருந்த ரசீதில் ஒரு தூறல் விழுந்தது.
மலையின் அடிவாரம் கசிந்து
பின்னால் இன்னொரு மலை, முதலாவதைவிட வெளிறி.
துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

தையல் மெஷினுக்கு என்ன சொல்வது என்று
சேலாஸ் வரை யோசித்தேன்.